முன்னோர் ஆயுளும் குடும்ப வரலாறும்

சில ஆண்டுகட்கு முன் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் யாம் பேசியபோது, எம் முன்னோர் ஒருவர் 131 ஆண்டு வாழ்ந்தவர் என்று பெருமிதத்தோடு கூறினோம். அவையோர் கைகொட்டி மகிழ்ந்தனர். எமக்குப் பொன்னாடையும் போர்த்தினர். பின்னர், அழகர்கோயிற் சாலையில் உள்ள எம் குடும்பத்துத் தண்ணீர்ப்பந்தலைப் புதுப்பித்தபொழுது அவ்வெண் கல்லிலும் ஏறியது. சித்திரைத் திருவிழாவிற்குச் சென்று வந்த அன்பர் பலர் அக்கல்லைப் படித்திருத்தல் கூடும். அன்று யாம் கூறியது பிழை. அப்பிழை எங்ஙனம் விளைந்தது, அதனைத் திருத்தப் புகுந்தவிடத்து யாம் கண்டது யாது என்பதனை இவ்விதழ் வாயிலாகவே உரைப்பது எம் கடன் என்று எண்ணினோம். நம் குலத்தார் வரலாற்றினை ஒரு தொகுதியாக வெளியிடும் பொருட்டுச் சங்கத்தார் குடும்பங்கள்தோறும் செய்தி தொகுத்து வரும் இந்நாளில், எம் பிழை பிறர்க்கு ஒரு பாடமாகவும் உதவலாம்.

எம் குடும்பத்தில் வழிவழியாக வழங்கிய செய்தி இது. மேலூர் வட்டத்தில், அழகர்மலை கண்ணுக்குத் தோன்றும் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரே எம் முன்னோர் ஊர். கள்ளழகர் மலையினின்று இறங்கி மதுரைக்கு எழுந்தருளும் சாலையில், வழிச்செல்வோர் தாகந்தீர ஒரு தண்ணீர்ப்பந்தலை அமைத்தவர் எம் முன்னோர் ஒருவர். ‘பந்தற் பெரியவர்’ என்றே எம் வீட்டார் அவரைக் குறிப்பர். அவர் தாரண வருஷத்தில், அஃதாவது கான்சாகிபு என்னும் யூசுபுகானை மதுரையில் தூக்கிலிட்ட 1764-இல் பிறந்தார் என்பதும், பெரியாற்று அணை திறக்கப்பட்டு அதன் நீர் வைகையொடு கலந்த 1895-இல், மன்மத வருஷம் ஐப்பசித் திங்களில் மறைந்தார் என்பதும் எம் வீட்டு முதியோர் கூற்று. கழித்துப் பார்த்தால் 131 ஆண்டு. எம் பாட்டனார் இதனைச் சொல்லுங்கால், “ஒரு பக்கம் நவாபு ஆட்சி, மறு பக்கம் பெரியாற்றுத் தண்ணீர், இரண்டையும் ஒரு கண் பார்த்தது” என்பாராம். தமிழ் கற்ற யாமும் அதனை ஆராயாது நம்பினோம்.

எம்மை விழிக்கச் செய்தது எம் மாணவி ஒருத்தியின் வினா. எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்கு, அவரவர் குடும்பக் கொடிவழியினை எழுதிவரும்படி ஒருநாள் பணித்தோம். எங்ஙனம் எழுதுவதென்று காட்டும் பொருட்டு எம் கொடிவழியினையே கரும்பலகையில் வரைந்தோம். உச்சியில் பந்தற் பெரியவர், தாரண, 1764 என்று எழுதினோம். அதன்கீழ் அவர் மகனாரும் எம் பாட்டனாரைப் பெற்ற பூட்டனாருமாகிய அடுத்தவரை, சாதகத்திற் கண்டவாறே, துந்துபி, 1862 என்று எழுதினோம். முன் வரிசையில் இருந்த சிறுமி எழுந்து, “ஐயா, பெரியவருக்கு 98 வயதிலா மகன் பிறந்தார்?” என்று வினவினாள். வகுப்பு நகைத்தது. யாம் நகைக்கவில்லை. அவ்வெண்கள் இரண்டும் எம் வீட்டில் நெடுங்காலமாக அருகருகே கிடந்தவையே. ஒன்றினின்று ஒன்றைக் கழித்துப் பார்க்க எமக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பெருமை கண்ணை மறைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அன்றுமுதல் விடுமுறை நாள்களை எல்லாம் இவ்வாராய்ச்சிக்கே செலவிட்டோம். முதற்கண் தண்ணீர்ப்பந்தலின் பழங்கல்லை ஆராய்ந்தோம். புதுப்பித்தபோது அது சுவரின் பின்புறம் சார்த்தி வைக்கப்பட்டிருந்தது. சுண்ணம் நீக்கிப் படித்தவிடத்து, சகாப்தம் 1722, ரௌத்திரி வருஷம் என்பதும் பந்தலை அமைத்தவர் பெயரும் தெளிவாயின. சகாப்தத்தொடு 78 கூட்டினால் 1800 ஆகும். ஆகவே 1800-இல் பெரியவர் பந்தல் அமைத்தது மெய்.

அடுத்து, அப்பந்தலுக்கு விடப்பட்ட இனாம் நிலத்தின் பதிவினைத் தேடினோம். 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் என்னும் குழுவினர், சென்னை மாகாணத்து இனாம் நிலங்களை ஊர் ஊராக ஆராய்ந்து ஏடுகளிற் பதிந்தனர். முதன்முதல் நிலம் பெற்றவர் யார், அதுபொழுது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முன்னவர்க்கு அவர் என்ன உறவு என்பன அவ்வேடுகளிற் கட்டங்கட்டமாக எழுதப்பட்டுள்ளன. அவற்றை இன்று சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற் காணலாம். எம் ஊர்ப் பதிவு 1863-இல் எழுதியது. அதில் முதற்கண் நிலம் பெற்றவர் பெயராகப் பந்தற் பெரியவர் பெயரே உள்ளது. அதுபொழுது அனுபவித்தவர் பெயரும் அதுவே. ஆனால் அவர் வயது 38, உறவு, ‘பேரன்’.

இவ்வொரு சொல்லில் முடிச்சு அவிழ்ந்தது. பாட்டன் பெயரை உடையவன் ஆதலின் அவன் பெயரன். அச்சொல்லே மருவிப் பேரன் ஆயிற்று. இதனை யாம் எத்தனையோ முறை மாணாக்கர்க்குக் கற்பித்துள்ளோம். எம் வீட்டு வரலாற்றில் மட்டும் அதனை மறந்தோம். பந்தற் பெரியவர் ஒருவரல்லர், இருவர். 1800-இல் பந்தல் அமைத்தவர் பாட்டனார். 1895-இல் மறைந்தவர் அவர் பெயரைத் தாங்கிய பெயரனார்.

தாரண வருஷமும் இப்பொழுது தெளிவுற்றது. பிரபவ முதலிய ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுழன்று வருவன. 1764 தாரண எனின், 1824-உம் தாரணவே. 1863-இல் 38 வயதினர் என்ற பதிவுக்கு 1824-25 ஆகிய தாரணவே பொருந்துகின்றது. ஆகவே பெயரனார் 1824-இல் தோன்றி 1895-இல், 71-ஆம் ஆண்டளவில் மறைந்தவர். தாரணவிற் பிறந்தவர் என்ற உண்மையும், பந்தல் 1800-இல் அமைந்தது என்ற உண்மையும் எம் முன்னோர் செவியில் ஒருங்கே விழுந்தன. ஒரே பெயர் ஆதலின் ஒருவரே என்று கொண்டனர். 1800-இல் பந்தல் அமைத்தவர் 1824-இற் பிறந்திருத்தல் இயலாது ஆகலின், தாரணவை 60 ஆண்டு பின்னே தள்ளினர். கான்சாகிபின் ஆண்டு அங்கே ஒரு நடுகல் போல் நினைவில் நின்றது. அவர்கள் பொய் புனைந்தவர் அல்லர். மெய்களைத் தவறாகக் கோத்தவர் என்க.

இவ்வகைப் பிழை நம் நாட்டிற்கே உரியதன்று. இங்கிலாந்தில் 1635-இல் இறந்த தாமஸ் பார் என்பவர் 152 ஆண்டு வாழ்ந்தவர் என்று கொண்டாடப்பட்டு, அரசர்களும் புலவர்களும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பாட்டனாருடைய பதிவும் அவருடைய பதிவும் ஒன்றாகக் கலந்திருத்தல் கூடும் என்பது பின்வந்தோர் கருத்து. ஜப்பான் நாட்டில் 1986-இல் மறைந்த ஷிகெச்சியோ இசுமி என்பவர் 120 ஆண்டு வாழ்ந்தார் என்று உலகம் ஒப்புக்கொண்டது. இளமையில் இறந்த தமையனுடைய பெயரே அவர்க்கும் இடப்பட்டிருக்கலாம் என்றும், பிறப்புப் பதிவு அத்தமையனுடையதாகலாம் என்றும் ஐயம் எழுந்தபின் அக்கூற்று வலியிழந்தது. பதிவுகளைப் பேணுவதிற் பெயர்பெற்ற அந்நாட்டிலேயே, குடும்பப் பதிவேடுகளில் உயிரோடிருப்பதாகக் காட்டப்பட்டு, இருக்குமிடம் அறியப்படாத நூறு வயது கடந்தோர் 2,30,000-க்கு மேற்பட்டோர் என்பது 2010-இல் வெளிப்பட்டது. இறந்தோரின் பெயர் நீக்கப்படாது நின்றதே பெரும்பாலும் அதற்குக் காரணம். உலகில் நன்கு சான்று காட்டப்பெற்ற மிக நீண்ட ஆயுள், பிரான்சு நாட்டு ஜான் கல்மான் என்னும் பெண்மணியினுடையது. 1875-இற் பிறந்து 1997-இல் மறைந்த அவர் வாழ்ந்தது 122 ஆண்டும் 164 நாளும். ஆடவருள், 2013-இல் மறைந்த ஜப்பானியர் ஜிரோமோன் கிமுரா வாழ்ந்தது 116 ஆண்டும் 54 நாளும். எம் வீட்டார் எம் முன்னோரை இவ்விருவர்க்கும் மேலே ஏற்றி வைத்திருந்தனர்.

அங்ஙனமாயின் முன்னோரின் நீண்ட ஆயுள் எல்லாம் கட்டுரையோ எனின், அன்று. நம் மதுரையிலேயே இதற்குச் சான்று உண்டு. மீனாட்சியம்மன் திருக்கோயிலில் 985 தூண்களை உடைய ஆயிரக்கால் மண்டபத்தின் வாயிலில் குதிரைமேல் வீற்றிருக்கும் வீரர் ஒருவரை அன்பர்கள் கண்டிருப்பர். அவரே அம்மண்டபத்தை 1569-இல் எடுப்பித்தவர் எனப்படும் தளவாய் அரியநாத முதலியார். விசுவநாத நாயக்கர்க்குத் துணையாய் நின்று மதுரை ஆட்சியை நிலைநிறுத்தியவருள் தலையாயவர் அவர். விசுவநாதர்க்குப்பின் கிருஷ்ணப்பர், அவர்க்குப்பின் வீரப்பர், அவர்க்குப்பின் இரண்டாங் கிருஷ்ணப்பர் என நான்கு தலைமுறை மன்னர்க்குத் தொண்டு செய்து 1600-இல் மறைந்தார். விசுவநாதர் ஆட்சி தொடங்கியதாகக் கொள்ளப்படும் 1529-இல் இவர் அவருடன் இருந்தார் என்னும் மரபினை ஏற்று, அப்பொழுது இவர்க்கு 20 வயதே என்று குறைத்துக் கொள்ளினும், மறைந்தபோது 91 ஆகின்றது. எந்த மன்னர் எந்த ஆண்டில் அரியணை ஏறினார் என்பது தனியே ஆராயப்பட்டிருத்தலின், இக்கணக்கினை எவரும் சரிபார்க்கலாம். இஃது ஓர் அளவுகோல். குடும்பத்துக்கு வெளியே நிற்கும் சான்று எங்கே உளதோ, அங்கே நீண்ட ஆயுளை நம்பலாம்.

மீண்டும் எம் குடும்பத்திற்கு வருவோம். பாட்டனார் ஒருவர், பெயரனார் ஒருவர் எனின், இடையில் ஒரு தந்தையார் இருந்திருத்தல் வேண்டுமன்றோ? அவரைப்பற்றி எம் வீட்டில் ஒரு சொல்லும் வழங்கவில்லை. இருவரை ஒருவராக்கிய கதையில் அவர்க்கு இடமில்லை. அவரைத் தேடியே, மதுரை மாசி வீதியை அடுத்த சந்தில் வாழும் எம் அத்தையாரிடம் சென்றோம். எம் தந்தையார்க்கு மூத்தவர், எண்பதைக் கடந்தவர். பாட்டனார் காலத்து மரப்பெட்டி அவரிடமே இருந்தது.

செய்தியைக் கேட்டவுடன் அவர் முகம் வாடியது. “தம்பி, ஊர் கூட்டி 131 என்று கல் வெட்டினாய். இப்போது 71 என்கிறாய். இருந்த பெருமையையும் அழிக்கவா படித்தாய்?” என்றார். யாம் விடை கூறவில்லை. பெட்டியைத் திறக்க இசைவு மட்டும் வேண்டினோம். அவர் சிறிது நேரம் வாளா இருந்து, பின் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் தந்தார்.

பெட்டியில் செல்லரித்த ஓலைச்சுவடிகள் சில இருந்தன. புல்லெண்ணெய் தடவித் துடைத்துப் பிரித்தோம். புள்ளியின்றி எழுதிய பழைய எழுத்தாதலின் படித்தற்கு இரண்டு நாள் ஆயிற்று. பெரும்பாலன வட்டிக் கணக்குகள். ஒன்று மட்டும் ஒற்றி ஓலை. சகாப்தம் 1754, நந்தன வருஷம் ஆவணி மாதம், அஃதாவது 1832. எழுதிக் கொடுத்தவர் ஒரு பெண். பந்தற் பெரியவர் மகனுடைய பெண்சாதி என்றே அவர் குறிக்கப்படுகின்றார். அவர் பெயர் ஓலையில் இல்லை. “என் மாமனாரும் காலஞ்சென்று, என் புருஷனும் வாந்திபேதி கண்டு மாண்டுபோய், மகன் எட்டு வயதுச் சிறுபிள்ளையாய் இருக்கிறபடியினாலே, தண்ணீர்ப்பந்தல் தருமம் நிற்காமல் நடக்கும்பொருட்டு” என்று தொடங்கி, தமக்கு உரிமையான நன்செய்யை ஒற்றி வைக்கின்றார். தருமத்திற்கு விட்ட நிலத்தின்மேல் அவர் கை வைக்கவில்லை. ஓலையின் பின்புறத்தில் வேறு கையெழுத்தில், சார்வரி வருஷம் ஒற்றி மீட்டதாகக் குறிப்பு உள்ளது. சார்வரி என்பது 1840. மகனார்க்கு அப்பொழுது 16 வயது.

அன்பர்களே, அவ்வோலையை மடியில் வைத்துக்கொண்டு யாம் நெடுநேரம் இருந்தோம். முப்பதை அணுகிய பருவத்திலேயே வாந்திபேதிக்கு இரையான ஓர் இளைஞர், எம் குருதிக்கு உரியவர், அவர் பெயர் அவ்வோலையில் தெளிவாக உள்ளது. 190 ஆண்டாக அவரை எவரும் நினையவில்லை. எட்டு வயதுச் சிறுவனை வைத்துக்கொண்டு, எழுத்தறியாத ஒரு கைம்பெண், எட்டாண்டு அப்பந்தலில் தண்ணீர் ஊற்றி வந்தார்; அடகு வைத்ததை மீட்டும் தந்தார். அவரையும் எவரும் நினையவில்லை. 131 என்ற எண்ணைக் காக்கும் பொருட்டு இவ்விருவரையும் யாம் இல்லாதவர் ஆக்கினோம். பந்தற் பெரியவர்க்கு யாம் மிகுத்துக் கூறிய ஆண்டுகள் வெறும் ஆண்டுகள் அல்ல. வேறிருவர் வாழ்ந்தும் இறந்தும் கழித்த ஆண்டுகள். 1800 முதல் 1895 வரை 95 ஆண்டு அப்பந்தல் ஓய்வின்றி நடந்தது மெய். அதனை ஒருவரே நடத்தினார் என்பதே பொய்.

ஓலையை அத்தையார்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினோம். கண்ணீர் துடைத்துக்கொண்டு, “அவள் பேர் அதில் இல்லையா?” என்றார். இல்லை என்றோம். “ஓலையில் இல்லாவிட்டால் என்ன? உன் பூட்டனோடு பிறந்தவள் பெயரை எனக்கு வைத்தார்கள். அவளுக்கோ, அவள் அப்பனைப் பெற்றவள் பெயர். இதை எங்கள் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அப்பனைப் பெற்றவள் யார் என்று மட்டும் எனக்கு இதுவரை தெரியாது” என்றார். யாம் கொடிவழியை விரித்து விரல் வைத்துப் பார்த்தோம். பூட்டனாரின் தந்தையார் 1824-இற் பிறந்த பெயரனார். அவரைப் பெற்றவர் ஒற்றி ஓலை எழுதிக் கொடுத்த அப்பெருமாட்டியே. ஆடவர்க்குப் பெயரன் உண்டெனின் மகளிர்க்குப் பெயர்த்தியும் உண்டன்றோ? ஏடு மறந்த பெயரை எம் அத்தையார் எண்பது ஆண்டுக்கு மேலாகத் தாங்கி வந்துள்ளார். கூடல் மாநகரின் தெய்வமாக வீற்றிருக்கும் அங்கயற்கண்ணியின் திருப்பெயரே அது.

அப்பெருமாட்டியின் ஆயுளையும் அறிய விரும்பினோம். அதே பெட்டியில் விஷு வருஷத்து மொய்க் கணக்கொன்று கிடைத்தது. ‘பெரிய ஆத்தாள் கருமாதி’ என்று தலைப்பிட்டது. விஷு என்பது 1881. பெரியவரான பெயரனார் தம் அன்னையார்க்குச் செய்த கருமம் அது. 1824-இல் மகவு பெற்றபோது அவர்க்கு 16 வயதே என்று குறைத்துக் கொள்ளினும், மறைந்தபோது 73 ஆகின்றது. இளமையிற் கணவனை இழந்து, தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் மக்கள் நாவில் வழங்கும் 1876-78-ஆம் ஆண்டுக் கொடும் பஞ்சத்தையும் கடந்து, 73 ஆண்டு வாழ்ந்தவர். எம் குடும்பத்தில் வியத்தற்குரிய ஆயுள் இதுவே என்று இப்பொழுது கருதுகின்றோம்.

73 என்பது இன்று பெரிதாகத் தோன்றாது. நம் நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியர் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டே. இன்று அது 70 அளவில் உள்ளது. ஆயினும் அச்சராசரியைப் பிழைபட உணர்தல் கூடாது. அக்காலத்தார் அனைவரும் 32-இல் இறந்தனர் என்பது அதன் பொருளன்று. ஒரு வீட்டிற் பிறந்த இரு குழவிகளுள் ஒன்று பால்குடிப் பருவத்தில் இறக்க, மற்றொன்று 64 வரை வாழ்ந்தால், சராசரி 32 ஆகும். பண்டைக் காலத்தும் முதியோர் இருந்தனர். அவரைச் சூழ்ந்து, இளமையில் இறந்தோரும் மிகப் பலர் இருந்தனர். நம் குடும்ப வரலாறுகள் முதியோரைப் போற்றி மற்றையோரை மறந்துவிடுகின்றன.

நம் பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையாரை அன்பர்கள் அறிவர். ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமை எங்ஙனம் என்று வினவியோர்க்குப் புறநானூற்றில் அவர் விடை கூறுகின்றார். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்திற்கு இசையும் ஏவலர், முறை செய்யும் அரசன், அடக்கமுடைய சான்றோர் வாழும் ஊர் ஆகியவற்றையே அவர் காரணமாகக் காட்டுகின்றார். தமக்கு வயது இத்துணை என்று ஓர் எண்ணையும் அவர் சொல்லவில்லை. தம் ஆயுளைத் தம்மைச் சூழ்ந்தோரின் கொடையாகவே அவர் கண்டார் போலும். இனி, 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் 1867-இற் பிறந்து 1911-இல் மறைந்தவர்; வாழ்ந்தது 44 ஆண்டே. எம் வயதினும் மிகாத அவ்வாழ்நாளில் அவர் வைத்த விளக்கின் ஒளியிலேயே எம்மனோர் தமிழ் கற்றோம். ஆண்டின் தொகையால் ஒருவரை அளப்பது எத்துணைப் பேதைமை என்பதற்கு வேறு கூறுதல் வேண்டா.

ஆகவே தொகுதிக்குச் செய்தி அனுப்பும் அன்பர்கட்குச் சில கூறி அமைவோம். நூறாண்டு கடந்த முன்னோர் உம் குடும்பத்தில் உண்டெனின், அதனை மறுக்கவும் வேண்டா, உடனே எழுதவும் வேண்டா. முதலில், அவர் மூத்த மகவு பிறந்தபோதும் இளைய மகவு பிறந்தபோதும் அவர்க்கு என்ன வயது என்று கழித்துப் பாருங்கள். அடுத்து, அதே பெயர் பாட்டனார்க்கும் பெயரனார்க்கும் உண்டா என்று பாருங்கள். உண்டெனின் இருவரையும் வேறுவேறாகப் பிரித்து எழுதுங்கள். தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் கிடைத்தால், அது 60 ஆண்டு முன்னோ பின்னோ ஆகலாம் என்பதை மறவாதீர்கள். சகாப்தமோ, கலியாண்டோ, அறிந்ததொரு நிகழ்ச்சியோ துணைநின்றாலன்றி முடிவு செய்யற்க. சென்னை மாகாணத்தில் 1871-இல் குடிமதிப்பு எடுக்கப்பட்டது. அக்காலத்துக் குடிமதிப்புகளில் வயது 40, 45, 50 என ஐந்திலும் சுழியத்திலும் முடியும் எண்களாகவே மிகுதியும் காணப்படும்; மக்கள் தம் வயதை உத்தேசமாகச் சொன்னதன் விளைவு அது. பிறப்பையும் இறப்பையும் பதிதல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தால் கட்டாயமானது 1969-இலேயே. ஆதலின் அதற்கு முற்பட்ட எண் எதற்கும், அது எதனால் அறியப்பட்டது என்பதனைப் பக்கத்தில் எழுதுங்கள்: கல்லோ, ஓலையோ, சாதகமோ, செவிவழிச் செய்தியோ என்று.

யாவற்றினும் முதன்மையாக ஒன்று. வீட்டிற்கு வந்த மருமக்கள் பெயரையும், அவர் பிறந்த ஊரையும் எழுதுங்கள். குழவியாய் இறந்தோரையும் எழுதுங்கள். எண்பது கடந்த மூதாட்டியர் உள்ள வீட்டில், அவர் பெயர் யாருடைய பெயர் என்று இன்றே கேளுங்கள். எம் அத்தையாரை இன்னும் சில ஆண்டு கழித்துக் கேட்டிருப்போமாயின், 190 ஆண்டு மறைந்து கிடந்த பெயர் மீண்டும் மறைந்தே போயிருக்கும்.

தண்ணீர்ப்பந்தலில் யாம் நாட்டிய கல்லை எடுத்துவிட்டோம். வரும் சித்திரைத் திருவிழாவிற்கு முன் புதிய கல் நாட்டப்பெறும். அதில் நால்வர் பெயர் இருக்கும்: 1800-இல் பந்தல் அமைத்த பாட்டனார், 1832-க்கு முன் இளமையில் இறந்த மகனார், தம் நிலத்தை ஒற்றி வைத்துத் தருமம் காத்து 1881-இல் மறைந்த மருமகளார், 1824 முதல் 1895 வரை வாழ்ந்த பெயரனார். 131 என்னும் எண் அதில் இராது. கல்லில் எழுதவேண்டிய பெயர்களை எம் அத்தையாரிடம் காட்டினோம். கண்ணாடி அணிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாம் பெயரில் விரலை வைத்து, “இதைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்” என்றார். அவ்வண்ணமே செய்ய எண்ணியுள்ளோம். கள்ளழகர் எழுந்தருளும் நாளில் அவ்வழி வரும் அன்பர்கள் பந்தலில் நீர் அருந்தி, அப்பெயரையும் ஒருமுறை படித்துச் செல்வார்களாக.